எட்டாவது படிக்கிற பையனைப் பள்ளியை விட்டு நிறுத்திப் பந்தாட அனுப்பலாமா?

கேள்வி: காசிமேட்டிலிருந்து ஒரு வாசகர்
4 ஜூன் 2025

பையனுக்கு 13 வயது, இந்த வருடம் எட்டாவது. கால்பந்து நன்றாக ஆடுகிறான். அப்பன் என்பதால் சொல்லவில்லை, பெரம்பூர், வியாசர்பாடி என்று எந்த டோர்னமெண்டுக்குப் போனாலும் எதிர் டீம் ஆட்களே வந்து இவன் யார் வீட்டுப் பையன் என்று கேட்கிறார்கள். பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டுக் காலையும் மாலையும் பயிற்சிக்கு அனுப்புங்கள், பரீட்சையைத் திறந்தநிலைப் பள்ளியில் எழுதிக்கொள்ளலாம் என்று கோச் சொல்கிறார். நம்ம சென்னைப் பையன் குகேஷ் நாலாவதோடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டுத்தானே செஸ்ஸில் உலக சாம்பியன் ஆனார்? பள்ளி திறந்து இரண்டு நாள்தான் ஆகிறது, அதற்குள் லேட்டாக வந்தான் என்று இவனை வெளியே நிற்க வைத்துவிட்டார்கள். இரண்டையும் சேர்த்து இழுத்தால் இரண்டும் கெட்டுவிடும் என்று நினைக்கிறேன். நான் விசைப்படகில் போகிறவன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

5 ஜூன் 2025

நிறுத்தாதீர்கள், அண்ணா.

குகேஷ் விஷயம் உண்மைதான். நாலாம் வகுப்புக்குப் பிறகு அவர் முறையாகப் பள்ளிக்குப் போகவில்லை. 2024 டிசம்பரில், 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். ஆனால் அந்த வீட்டையும் சேர்த்துப் பாருங்கள். அப்பா காது மூக்கு தொண்டை மருத்துவர். மகனோடு ஊர் ஊராகப் போவதற்காகத் தன் தொழிலையே நிறுத்தி வைத்தார். அம்மா நுண்ணுயிரியலாளர், அவர் வேலைக்குப் போய் வீட்டைப் பார்த்துக்கொண்டார். அந்தப் பிள்ளைக்கு செஸ் வராமல் போயிருந்தால்கூட, கையைப் பிடித்து மறுபடி படிப்புக்குக் கூட்டிப்போக இரண்டு பேர் வீட்டிலேயே இருந்தார்கள். நீங்கள் இரண்டு மாதம் கடலுக்குப் போகாவிட்டால் வீடு எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இப்போது மீன்பிடித் தடைக்காலம்தான்.

அப்புறம், செஸ்ஸில் முழங்கால் போகாது. பந்தில் ஒரே நாளில் போய்விடும்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். தண்டையார்பேட்டையில் பிறந்தவள், பள்ளி நாளில் கபடி ஆடினேன். இப்போது புளியந்தோப்பில் மாலை 7 மணியிலிருந்து 9 வரை பாடம் சொல்லித் தருகிறேன், விளையாடுகிற பிள்ளைகளுக்கு மட்டும். இப்போது 14 பேர். பந்து, குத்துச்சண்டை, கேரம், ஒரே ஒரு பளுதூக்கும் பெண். அவர்களை வைத்துத்தான் பேசுகிறேன்.

அதே நாள், இரவு

ஒன்றை விட்டுவிட்டேன். உங்கள் கோச்சின் மேல் எனக்குக் கோபம் இல்லை. நல்ல பையன் கையில் கிடைத்தால் எந்த கோச்சுக்கும் நேரம் போதாது. என் மாஸ்டரும் அப்படித்தான் இருந்தார். ஆனால் கோச்சுக்குத் தெரிந்தது மைதானத்தில் ஒன்றரை மணி நேரம். மீதி இருபத்திரண்டரை மணி நேரத்துக்கு யார் பொறுப்பு என்பதுதான் உங்கள் கேள்விக்குள் இருக்கிற கேள்வி.

என் கதை இது. 2002, நான் பிளஸ் டூ. தேசிய அளவிலான போட்டிக்கு மாநில அணியில் எடுத்தார்கள். பெரும்பாலும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். ஒரே ஒரு ஆட்டத்தில் கடைசி ஐந்து நிமிடம் பாடப் போனேன், இரண்டு பாயிண்ட். ரயிலில் திரும்பி வந்து பள்ளிக்குப் போனால் இயற்பியல் செய்முறைத் தேர்வு முடிந்திருந்தது. எனக்காக எந்தக் கடிதமும் வரவில்லை என்றார்கள். ஆப்சென்ட். ஒரு வருடம் போயிற்று. அந்த ஒரு வருடத்தில் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய், நான் ஏற்றுமதி கம்பெனியில் நூல் வெட்டும் வேலைக்குப் போனேன். கபடியும் அதோடு நின்றது. படிப்பு என்னை ஆடவிடாமல் தடுக்கவில்லை, ஆட்டமும் படிப்பைக் கெடுக்கவில்லை. ஒரு தேதியை ஒருவர் சொல்லாமல் விட்டார். அவ்வளவுதான் நடந்தது. 23 வருடம் ஆகியும் எழுதும்போது கை நடுங்குகிறது.

8 ஜூன் 2025

விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்குமே, அப்புறம் படிப்பு எதற்கு என்று கொருக்குப்பேட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். கிடைக்கும் என்று நான் அவசரமாகத் தலையாட்டி எழுதிவிட்டேன். அதைத் திருத்த வேண்டும்.

தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் உண்டு. ரயில்வே, துறைமுகம், வருமான வரி, வங்கிகள் என்று ஆள் எடுக்கிற இடங்கள் இருக்கின்றன. நம் பக்கத்தில் ரயில் பெட்டி செய்கிற ஐசிஎஃப்பே இருக்கிறது, பெரம்பூர்ப் பிள்ளைகளுக்கு அந்தக் கனவு சிறு வயதிலேயே வந்துவிடும். ஆனால் வீட்டு அலமாரியில் நிற்கிற கோப்பையைக் காட்டி வேலை வாங்க முடியாது. பேப்பர் வேண்டும். மத்திய அரசு வேலைகளுக்கு, யாருக்காக ஆடினோம் என்று காட்டுகிற சான்றிதழ் நான்கு படிவங்களில் இருக்கிறது. இந்தியாவுக்காக ஆடினால் படிவம் 1. மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடினால் படிவம் 2. பல்கலைக்கழகத்துக்காக ஆடினால் 3. தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் மாநிலப் பள்ளி அணிக்கு ஆடினால் 4. மாவட்ட டோர்னமெண்ட் சான்றிதழ் எத்தனை இருந்தாலும் இந்த நான்கில் எதுவும் ஆகாது. அதோடு, வேலைக்கு என்ன படிப்பு கேட்கிறார்களோ அந்தப் படிப்பும் இருந்தாக வேண்டும். பத்தாவது இல்லாமல் பந்து மட்டும் இருந்தால் உள்ளே விட மாட்டார்கள்.

இப்போது அண்ணாவின் பையனுக்கு வருகிறேன். படிவம் 4 எப்படிக் கிடைக்கும்? பள்ளிக்காக ஆட வேண்டும். பாரதியார் தின, குடியரசு தின விளையாட்டுப் போட்டிகள் 14, 17, 19 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு என்று பள்ளிகளுக்கு நடத்தப்படுகின்றன. மாவட்டம், மாநிலம் என்று ஏறி அங்கிருந்துதான் தேசியப் பள்ளிப் போட்டிக்குப் போக முடியும். பள்ளியை விட்டால் அந்த வாசல் அடைபடுகிறது. படிப்புக்காக இல்லாவிட்டாலும் பந்துக்காகவே பையன் பள்ளியில் இருந்தாக வேண்டும். இதைக் கோச்சிடம் சொல்லிப் பாருங்கள். அவரும் யோசிப்பார்.

பேப்பரைப் பற்றி இன்னொன்று. சான்றிதழை அந்தப் போட்டி முடிந்த கையோடு வாங்கிவிடுங்கள். நான் மூன்று வருடம் கழித்துப் போய்க் கேட்டேன். சங்கத்தில் ஆட்கள் மாறியிருந்தார்கள், பழைய பட்டியல் இல்லை என்றார்கள். நான் ஆடியதற்கு இன்று என்னிடம் ஒரு குரூப் போட்டோ மட்டும்தான் இருக்கிறது.

9 ஜூன் 2025

திறந்தநிலைப் பள்ளி மோசம் என்று நான் சொல்லவில்லை. ஒருமுறை பதிந்தால் ஐந்து வருடத்துக்குச் செல்லும், அதற்குள் ஒன்பது முறை தேர்வு எழுதலாம், பாடம் பாடமாக முடித்துக்கொள்ளலாம். வருடத்தில் பாதி நாள் வெளியூரில் இருக்கிற பிளஸ் டூ பிள்ளைக்கு அது நல்ல வழி. 13 வயதுப் பையனுக்கு யார் பாடம் சொல்லித் தருவது? தானாக உட்கார்ந்து படிப்பான் என்றால் சரி. என் 14 பேரில் அப்படி ஒருத்திதான் இருக்கிறாள்.

15 ஜூன் 2025

நேற்று நள்ளிரவோடு தடைக்காலம் முடிந்தது, அண்ணா இன்று கடலில் இருப்பார். திரும்பி வந்து படிக்கட்டும்.

வெளியில் இருப்பவர்களுக்கு இது தெரியாது, அதனால் எழுதுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது. கோடைப் பயிற்சி முகாம் அந்த மாதங்களில்தான். விளையாட்டு விடுதிக்கான தேர்வும் பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான். பள்ளிக் கட்டணம், புத்தகப் பை, பையனின் கால் வளர்ந்து போன வருட ஷூ பத்தாமல் போவது, எல்லாம் அந்த 61 நாளுக்குள் வந்து நிற்கும். காசிமேட்டுப் பிள்ளைகள் ஜூனில் மைதானத்துக்கு வராமல் இருந்தால் சோம்பேறித்தனம் என்று எந்தக் கோச்சும் நினைக்க வேண்டாம். ஷூ இருக்காது. எங்கள் இடத்தில் சின்னதாகிப்போன ஷூக்களைத் துடைத்து ஒரு மூட்டையில் வைத்திருக்கிறோம். 3ஆம் நம்பரிலிருந்து 8 வரை இருக்கிறது. வாங்க வெட்கப்படுவார்கள், அதனால் நான் கொடுப்பதில்லை. சீனியர் பிள்ளைகள் ஜூனியருக்குக் கொடுப்பதாக வைத்திருக்கிறோம். சந்தோஷமாக வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள்.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பையன் லேட்டாகப் போனான், வெளியே நிற்க வைத்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். என் பிள்ளைகளில் ஏழு பேருக்கு இதே கதை. ஐந்தரைக்கு மைதானம், ஏழேகாலுக்கு முடியும், வீட்டுக்கு வந்து குளித்து ஓட வேண்டும். நாஷ்டாவுக்கு நேரம் இல்லை. அரசின் காலை உணவு ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைதான். மதிய உணவு பத்தாவது வரை உண்டு. எட்டாவது படிக்கிற பையன் முந்தின ராத்திரி 9 மணிக்குச் சாப்பிட்டு, காலையில் ஒன்றரை மணி நேரம் ஓடி, மதியம் சாப்பாட்டு மணி அடிக்கும் வரை வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கிறான். முதல் பீரியட் கணக்கு. தூங்காமல் என்ன செய்வான்? அவனுக்கு மூளை இல்லை, பந்தாடத்தான் லாயக்கு என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். எனக்குத் தாங்க முடியாமல் வருவது இந்த இடத்தில்தான்.

நாங்கள் செய்தது இது. ஒரு டப்பாவில் இரண்டு வாழைப்பழம், ஒரு வேகவைத்த முட்டை, ஒரு பிடி வேர்க்கடலை. மைதானத்திலேயே உட்கார்ந்து தின்றுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். வெறும் 20 ரூபாய் என்று பேச்சுக்குச் சொல்லிவிடலாம், மாதம் 500 ரூபாய் எங்கள் தெருவில் சின்னத் தொகை இல்லை. இரண்டு வீடுகளுக்கு ஒரு மளிகைக்கடைக்காரர் தருகிறார். மூன்றே மாதத்தில் ஒரு பெண் கணக்கில் 31லிருந்து 58க்கு வந்தாள். அவளுக்கு நான் புதிதாக எதுவும் சொல்லித் தரவில்லை. அதே சூத்திரம், அதே நோட்டு.

22 ஜூன் 2025

முழங்கால். இதைத் தனியாக எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் பையனின் வயதில்தான் வரும்.

முழங்கால் சில்லுக்குக் கொஞ்சம் கீழே, எலும்பு முடிச்சு மாதிரிப் புடைத்து, தொட்டால் வலிக்கும். ஓடினாலும் குதித்தாலும் கூடும். எலும்பு வேகமாக வளர்கிற வயதில், தசைநார் போய் ஒட்டுகிற இடத்தைத் திரும்பத் திரும்ப இழுப்பதால் வருவது. ஆஸ்குட் ஸ்லாட்டர் என்று மருத்துவர்கள் பெயர் சொல்வார்கள். பெரும்பாலும் வளர்ச்சி முடியும்போது தானாகச் சரியாகிவிடும், ஆனால் வலிக்கும்போது பயிற்சியைக் குறைக்க வேண்டும். நம் பக்கத்தில் என்ன செய்கிறார்கள்? தைலம் போட்டு நீவி, கிரேப் பேண்டேஜ் சுற்றி, மறுநாள் மேட்சில் இறக்குகிறார்கள். என்னிடம் வந்த ஒரு பையன் எட்டு மாதம் வலியைச் சொல்லாமல் ஆடினான். சொன்னால் டீமிலிருந்து தூக்கிவிடுவார்கள் என்ற பயம். கடைசியில் படி இறங்கவே முடியாமல் போனபோதுதான் அம்மாவுக்குத் தெரிந்தது.

விளையாட்டு மருத்துவத்தில் ஓர் எளிய கணக்கு சொல்வார்கள். பிள்ளையின் வயது எத்தனையோ, வாரத்துக்கு அத்தனை மணி நேரத்துக்கு மேல் பயிற்சி வேண்டாம். 13 வயது என்றால் 13 மணி நேரம். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு. தூக்கம், 13 வயதுக்கு மேல் 8 முதல் 10 மணி நேரம். உங்கள் கோச் கேட்கிற காலை, மாலை முழு நேரத்தைக் கூட்டிப் பாருங்கள், 25 தாண்டும். பள்ளிக்கூடம் அந்த எட்டு மணி நேரம் பையனின் காலுக்கு ஓய்வு தருகிறது. இப்படி நான் முன்பு யோசித்ததே இல்லை. கணக்குப் போடும்போதுதான் தெரிந்தது.

6 ஜூலை 2025

பெண் பிள்ளைகளைப் பற்றி எழுதவில்லை என்று ஓர் அம்மா கேட்டிருக்கிறார். சரியான கேள்வி, முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

வட சென்னையின் பெண்கள் சாதாரணமாக ஆடியவர்கள் இல்லை. கேரம் எடுத்துக்கொள்ளுங்கள். கேரம் வீரர் மரிய இருதயம் அண்ணனுக்கு 1996இல் அர்ஜுனா விருது வந்த பிறகு பெண்களும் தெருவுக்குத் தெரு போர்டு போட்டுப் பவுடர் தூவி ஆடினோம். அப்புறம் வியாசர்பாடி இளவழகி உலக சாம்பியன் ஆனார். 2024இல் நம் ஆட்டோ ஓட்டுநர் மகள் காசிமா, 17 வயதில், அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்தார். அந்த வாரம் என் வகுப்பில் பாடமே நடக்கவில்லை, எல்லோரும் அதையேதான் பேசினார்கள்.

ஆனால் பெண் பிள்ளைகள் நிற்கிற இடம் வேறு. 13, 14 வயதில் மாதவிலக்கு தொடங்கும்போது பாதிப் பேர் மைதானத்தை விட்டுவிடுகிறார்கள். கழிப்பறை இல்லாத மைதானம், உடை மாற்ற இடமில்லாத டோர்னமெண்ட். என் கபடி நாட்களில் நான்கு பேர் புடவையை விரித்துப் பிடிப்பார்கள், உள்ளே மாற்றுவோம். இன்னும் சில இடங்களில் அப்படித்தான். அப்புறம் ரத்தசோகை. மூச்சு வாங்குகிறது, ஸ்டாமினா இல்லை என்று ஓடவிட்டுக்கொண்டே இருப்பார்கள். முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை எடுங்கள், மாநகராட்சி மருத்துவமனையிலேயே எடுக்கலாம். கடும் பயிற்சியில் மாதவிலக்கு மூன்று மாதம் வராமல் நின்றால் நல்லதாயிற்று என்று விடாதீர்கள். சாப்பாடு உடம்புக்குப் பத்தவில்லை என்று அர்த்தம் இருக்கலாம், எலும்பு பலவீனமாகும். மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இன்னொன்று, தயங்காமல் சொல்கிறேன். வெளியூர்ப் போட்டிக்குப் பெண் பிள்ளைகள் போனால் கூடவே ஒரு பெண் போக வேண்டும். தனியாக அறைக்கு வா, தனியாக மசாஜ் என்று எந்தப் பயிற்சியாளர் சொன்னாலும் அந்த நிமிடமே வீட்டுக்கு போன். 2012இன் போக்சோ சட்டம் மைதானத்துக்கும் உண்டு. 1098 என்ற எண்ணை என் பிள்ளைகள் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள், ஆண் பிள்ளைகளும் சேர்த்து.

20 ஜூலை 2025

ஜூன் 5 இரவு எழுதியதற்குத் திரும்ப வர வேண்டியிருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை பெரம்பூரில் ஒரு கபடிப் போட்டி. என் பழைய மாஸ்டரைப் பார்த்தேன், தலை முழுக்க வெள்ளை. பேசிக்கொண்டிருந்தபோது அந்தச் செய்முறைத் தேர்வைப் பற்றிக் கேட்டுவிட்டேன். இத்தனை வருடத்தில் முதல் தடவை. அவர் சொன்னார்: "கடிதம் கொடுத்தேனே அம்மா. திங்கள்கிழமைதான் பிராக்டிகல் என்று உங்கள் ஸ்கூலில் சொன்னார்கள். ஞாயிறு வந்துவிடுவோம் என்று எழுதிக் கொடுத்தேன்." தேதி முன்னால் தள்ளப்பட்டிருக்கிறது. பள்ளி அதை வகுப்பில் அறிவித்திருக்கிறது. நான் வகுப்பில் இல்லை. கடிதம் பி.டி. மாஸ்டர் மேசையில், இயற்பியல் மிஸ்ஸுக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் போன் இல்லை.

இத்தனை வருடமாகப் பள்ளியின் மேல் வைத்திருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளவில்லை.

இதனால் என் இடத்தில் ஒன்று மாற்றினேன், அண்ணாவும் இதைச் செய்யுங்கள் என்று கேட்கிறேன். ஒரே தாளில் இரண்டு நாட்காட்டி. இடது பக்கம் பள்ளி: யூனிட் டெஸ்ட், காலாண்டு, செய்முறை. வலது பக்கம் ஆட்டம்: மேட்ச், கேம்ப், செலக்‌ஷன். கீழே மூன்று போன் நம்பர்: கிளாஸ் டீச்சர், கோச், வீடு. தாளை மூன்று நகல் எடுத்து மூன்று பேரிடமும் கொடுக்க வேண்டும். பையன் கொடுக்கக் கூடாது, பெற்றவர்களில் ஒருவர் நேரில் போய்க் கொடுக்க வேண்டும். கிளாஸ் டீச்சரை ஒரு மேட்ச் பார்க்கக் கூப்பிடுங்கள். பந்தோடு ஓடுகிற பையனை ஒரு தடவை நேரில் பார்த்த டீச்சர் அப்புறம் அவனை வெளியே நிற்க வைக்க மாட்டார். இதை நான் மூன்று முறை கண்ணால் பார்த்திருக்கிறேன்.

17 ஆகஸ்ட் 2025

விளையாட்டு விடுதி நல்லதா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளில் 7, 8, 9, 11 வகுப்புகளில் சேர்க்கிறார்கள். தங்க இடம், சாப்பாடு, பயிற்சி, பக்கத்துப் பள்ளியில் படிப்பு எல்லாம் உண்டு. சாப்பாட்டுக்கே கஷ்டப்படுகிற வீட்டுக்கு அது பெரிய வரம். ஆனால் 13 வயதில் அம்மாவை விட்டுப் போக எல்லாப் பிள்ளைகளாலும் முடியாது. என் பையன்களில் ஒருவன் இரண்டே வாரத்தில் திரும்பி வந்தான், ஏரியாவில் கிண்டல் செய்தார்கள், ஒரு மாதம் மைதானத்துக்கே வரவில்லை. அனுப்பும் முன்பு பிள்ளையிடம் கேளுங்கள். வந்துவிட்டால் திட்டாதீர்கள்.

வீட்டிலிருந்தே இரண்டையும் நடத்த முடியும் என்பதற்கு வியாசர்பாடி முல்லை நகர் மைதானமே சாட்சி. அங்கே ஸ்டெட்ஸ் அமைப்பு பல வருடமாகப் பந்தையும் டியூஷனையும் ஒன்றாக வைத்து நடத்துகிறது. நான் என் வகுப்பைத் தொடங்க யோசித்தது அந்தப் பக்கம் நடந்து போகும்போதுதான்.

பன்னிரண்டாவது முடிக்கிற பிள்ளைகளுக்கு: பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடம் இருக்கிறது. கலைக் கல்லூரிகளிலும் தனி இடம் உண்டு. கல்லூரிக்குப் போனால் பல்கலைக்கழக அணி, அதாவது படிவம் 3க்கு இன்னொரு வழி. எனக்கு 17 வயதில் இதை யாரும் சொல்லவில்லை.

28 செப்டம்பர் 2025

காசிமேட்டு அண்ணா எழுதியிருக்கிறார். பையன் பள்ளியில்தான் இருக்கிறான். தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தாராம். கிளாஸ் டீச்சர் திங்கள், வியாழன் முதல் பீரியடுக்குப் பத்து நிமிடம் தாமதமாக வர அனுமதி தந்திருக்கிறார். கோச் முதலில் முகம் கொடுக்கவில்லை, படிவம் 4 பற்றிச் சொன்ன பிறகு வாரத்தில் ஞாயிறு ஓய்வு என்று ஒத்துக்கொண்டாராம். காலாண்டில் நான்கு பாடம் பாஸ், கணக்கில் 22. அடித்தீர்களா என்று கேட்டேன், இல்லை என்றார்.

22 வந்த பையனை எனக்குப் பிடிக்கும். பின்னத்தில் எங்கேயோ விட்டிருப்பான், ஐந்தாவதிலேயே விட்டிருப்பான், அங்கிருந்து பிடித்துக்கொண்டு வர வேண்டும். அண்ணா, சனிக்கிழமை மாலை அனுப்புங்கள். 44ஆம் நம்பர் சந்துக்குள் வர வேண்டாம், இருட்டாக இருக்கும், மெயின் ரோடு பக்கமே வரச் சொல்லுங்கள், எங்கள் பிள்ளைகளில் ஒருத்தி வந்து கூட்டிப்போவாள். பழைய கணக்கு நோட்டைக் கொண்டு வரட்டும். பழைய ஷூ இருந்தால் அதையும்.